அம்மாவுக்குத் தோள் ஏன் வலித்தது?

தக்கலைக்காரன்:
அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். போன மாதம் நாகர்கோவிலில் லேப்ராஸ்கோப்பி மூலம், அதாவது சிறு துளைகள் வழியே கேமராவும் கருவிகளும் விட்டு, எடுத்தார்கள். பாட்டிக்கு இதே ஆபரேஷன் நடந்தபோது விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளத்தில் தழும்பு. அம்மாவுக்கு நான்கே துளைகள். மூன்றாம் நாள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கஞ்சியும் பயறும் குடித்தார்.

ஆனால் அந்த முதல் இரவு! "வயிற்றைக் கீறிவிட்டுத் தோள் வலிக்கிறதே மக்களே, ஆளை மாற்றிச் செய்துவிட்டார்களோ?" என்று அழுதார். கட்டிலுக்கு மேலே மானிட்டரில் நாடி, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் எல்லாம் பச்சையாக ஓடின. இளம் செவிலியர் எட்டிப் பார்த்து, "எல்லாம் நார்மல்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் பார்த்தது மானிட்டரை, அம்மாவை அல்ல.

பிறகு வந்த மூத்த செவிலியர் தோளைத் தொட்டுப் பார்த்தார். கேமராவுக்கு இடம் வேண்டும் என்பதற்காக வயிற்றைக் கார்பன் டை ஆக்சைடால் உப்ப வைப்பார்களாம். மிஞ்சிய வாயு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்தும். உதரவிதானத்தின் நரம்பும் தோளின் உணர்ச்சி நரம்புகளும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து புறப்படுவதால், மூளை வலியைத் தோளில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. கொஞ்சம் நடந்தால் குறையும் என்றார், குறைந்தது. இதை முந்தின நாளே ஒரு வரி சொல்லியிருந்தால் நானும் தூங்கியிருப்பேன்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் சர்வர் படுத்துவிட்டதால் பில்லுக்கு நான்கு மணி நேரம் காத்திருந்தோம். அது தனிக் கதை.

குலசேகரம் ரப்பர்:
எங்கள் வீட்டிலும் ஓர் இயந்திரம் கலவரம் மூட்டியது. அப்பா விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போய்த் திரும்பினார், லேசான இருமலோடு. ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்சிமீட்டர் கொரோனா காலத்தில் வாங்கியது, அதை விரலில் மாட்டினேன். வெறும் 82! ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டுக் கிராம சுகாதார செவிலியரை அழைத்தேன். "பேச முடிகிறதா அவரால்?" என்று கேட்டார். பேசுவதா? வீட்டையே திட்டிக்கொண்டிருந்தார். "கையைக் கழுவிச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள்" என்றார். நகத்தில் காய்ந்திருந்த ரப்பர் பாலை உரித்து, கட்டன் சாயா தம்ளரை இரு கையாலும் பிடிக்க வைத்தோம். 97. விரல் வழியே ஒளியைச் செலுத்தி ரத்தத்தைப் படிக்கும் கருவி அது. குளிர்ந்த விரலில் ரத்த ஓட்டம் குறைவு, கணக்கும் தவறும். ஆட்டோக்காரருக்கும் ஒரு சாயா கொடுத்து அனுப்பினோம்.

குளச்சல் கடற்கரை:
நான் இயந்திரத்தின் பக்கம். அண்ணன் கரமடி (கரையில் நின்று இழுக்கும் பெரிய வலை) இழுத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அமர்ந்துவிட்டார். பக்கத்துச் சிறு மருத்துவமனையில் இசிஜி எடுத்து, அதைப் படம் பிடித்து நாகர்கோவிலில் உள்ள இதய மருத்துவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். முதல் படம் மின்விசிறிக் காற்றில் தாள் ஆடிக் கலங்கிவிட்டது. இரண்டாவது போன கையோடு பதில் வந்தது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அங்கேயே போட்ட பிறகுதான் ஆம்புலன்ஸ் கிளம்பியது. மாரடைப்பில் ஒவ்வொரு நிமிடத்துக்கும் இதயத் தசை செத்துக்கொண்டே போகும். அண்ணன் இப்போது வலை பின்னுகிறார். கரமடிக்குப் போகக் கூடாது என்றதில்தான் கோபம்.

மார்த்தாண்டம் செவிலியர்:
கணினிப் பதிவு வந்த பிறகு பழைய சீட்டைத் தேடும் வேலை போயிற்று. ஆனால் நம் ஊரில் ஒரே பெயர், ஒரே இனிஷியல், ஒரே வயதில் மூன்று பேர் வரிசையில் நிற்பார்களே! ஒரு நாள் ஒருவருடைய சர்க்கரை அளவு இன்னொருவர் பக்கத்தில் திறந்தது. மருந்து எழுதுமுன் அந்த அம்மாவே, "எனக்குச் சர்க்கரை கிடையாதே" என்றதால் தப்பித்தோம். இப்போது தகப்பனார் பெயரையும் ஊரையும் வாயால் கேட்காமல் நான் எதையும் திறப்பதில்லை.

தக்கலைக்காரன்:
2001இல் நியூயார்க்கில் இருந்த மருத்துவர்கள், பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் படுத்திருந்த ஒரு பெண்ணின் பித்தப்பையை ரோபோ கைகளால் அகற்றினார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். "அவளுக்கும் தோள் வலித்ததா?" என்று கேட்டார். ஆபரேஷன் காட்சியைப் பென் டிரைவில் தந்திருக்கிறார்கள். அம்மா இன்னும் பார்க்கவில்லை. கற்களை மட்டும் சிறு டப்பாவில் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் எண்ணிக் காட்டுகிறார். ஏழு.