சங்கங்கள் மக்களாட்சியைக் காக்குமா? வைமார் ஜெர்மனியை முன்வைத்து ஒரு விவாதம்

பொன்னிவளவன் எழுதியது:

அரசியல் அறிவியல் வகுப்புகளில் இன்றும் ஏறத்தாழ ஐயமின்றிக் கற்பிக்கப்படும் ஒரு கருத்தை இங்கே கேள்விக்கு உட்படுத்த விரும்புகிறேன். பாட்டுக் குழு, விளையாட்டுக் கழகம், வாசகர் வட்டம், தொழிற்சங்கம் என்று மக்கள் தாமாகவே கூடிச் செயல்படும் அமைப்புகள் எங்கே செழித்திருக்கின்றனவோ, அங்கே மக்களாட்சியும் வேரூன்றி நிற்கும் என்பதே அக்கருத்து. 1831இல் அமெரிக்காவைச் சுற்றிப் பார்த்த பிரெஞ்சு அறிஞர் தோக்வில் தொடங்கிவைத்த இச்சிந்தனைக்கு, இத்தாலிய மாநில அரசுகளைப் பற்றி 1993இல் நூல் வெளியிட்ட ராபர்ட் புட்னம் புதுவலுச் சேர்த்தார். 1970இல் அமைந்த அந்த அரசுகளுள் வடக்கே எமிலியா-ரொமாஞாவில் இருந்தது திறம்பட இயங்கியதற்கும், தெற்கே கலாப்ரியாவில் இருந்தது தடுமாறியதற்கும், அவ்வப்பகுதி மக்களின் கூட்டுவாழ்வு மரபே காரணம் என்றார்.

இக்கருத்து ஜெர்மனியில் உடைந்துபோகிறது. முதல் உலகப் போருக்குப் பின் அமைந்து, 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வரும்வரை நீடித்த வைமார் குடியரசில் சங்கங்களுக்குப் பஞ்சமே இருக்கவில்லை. அங்கே சங்க வாழ்வு செழித்திருந்தது, கட்சிகளும் நாடாளுமன்றமும்தான் மக்களின் நம்பிக்கையை இழந்திருந்தன, அந்த இடைவெளியில் நாஜிக் கட்சி சங்கங்களின் வழியாகவே ஊர்களுக்குள் நுழைந்தது என்று ஷெரி பெர்மன் 1997இல் எழுதிய கட்டுரையில் வாதிட்டார். இதை ஒரே ஊரில் வைத்துப் பார்க்க வேண்டுமானால் வில்லியம் ஷெரிடன் ஆலன் 1965இல் வெளியிட்ட ஆய்வைப் படிக்க வேண்டும். அவர் எடுத்துக்கொண்ட நோர்ட்ஹைம் ஏறத்தாழ 10,000 பேர் வாழ்ந்த சிறுநகரம். அங்கே 150க்கும் மேற்பட்ட சங்கங்கள் இருந்தன. அந்நகரில் நாஜிக் கட்சியில் முதலில் சேர்ந்தவர்களுள் ஒருவர் புத்தகக் கடை நடத்தியவர், பண்பானவர், படித்தவர்கள் நடுவிலும் தேவாலய வட்டாரத்திலும் நல்ல பெயர் பெற்றவர். "அவரே சேர்ந்திருக்கிறார் என்றால் அதில் தவறு இருக்காது" என்று ஊரார் பேசிக்கொண்டார்கள். சமூகப் பிணைப்பு என்று ஆய்வாளர்கள் போற்றுகிறார்களே, அது அங்கே செய்த வேலை இதுதான்.

சத்யநாத், ஃபொய்க்லேண்டர், ஃபோத் ஆகிய மூவர் 229 ஜெர்மன் நகரங்களின் தரவுகளைத் திரட்டி 2017இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு எண்வழிச் சான்று தருகிறது. சங்கங்கள் அடர்ந்திருந்த நகரங்களில் மக்கள் நாஜிக் கட்சியில் விரைவாகச் சேர்ந்தார்கள். முன்னாள் படைவீரர் சங்கங்கள் மட்டும் இதற்குக் காரணமில்லை. பாட்டுக் குழுவும் கால்நடை வளர்ப்போர் சங்கமும்கூட இதே விளைவைக் காட்டின. இதன் பிறகும் சங்கங்களை மக்களாட்சியின் காவலர்கள் என்று எவ்வாறு கற்பிக்க முடியும்?

கயல்விழி எழுதியது:

மதிப்பிற்குரிய பொன்னிவளவன் அவர்களுக்கு, நீங்கள் எடுத்துக்காட்டிய ஆய்வுகளை நானும் மதிக்கிறேன். அவற்றிலிருந்து நீங்கள் வந்தடையும் முடிவை ஏற்க இயலவில்லை.

ஜெர்மனியில் சங்கம் இல்லாத பிரிவினர் யாரும் இல்லை. அப்படியிருக்க, எல்லாப் பிரிவினரும் ஒரே அளவில் நாஜிகளிடம் போனார்களா என்பதுதானே முதல் கேள்வி? கத்தோலிக்கர்களுக்கு இளைஞர் அமைப்பு, தொழிலாளர் அமைப்பு, மகளிர் அமைப்பு என்று வலுவான வலைப்பின்னல் இருந்தது, அது கத்தோலிக்கர்களின் கட்சியான மையக் கட்சியோடு பிணைந்திருந்தது. கத்தோலிக்கப் பகுதிகள் நாஜிகளுக்கு அளித்த வாக்கு, புராட்டஸ்டன்ட் பகுதிகளைவிடத் தெளிவாகக் குறைவு. தொழிலாளர்களுக்கும் தனிப் பாட்டுக் குழுக்களும் மிதிவண்டிக் கழகங்களும் இருந்தன. சமூக ஜனநாயகக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் சேர்ந்து 1928இல் பெற்ற வாக்கு ஏறத்தாழ 40 விழுக்காடு. நாடே நிலைகுலைந்திருந்த 1932 நவம்பரிலும் அது 37 விழுக்காடாக நின்றது.

அப்படியானால் 1928இல் 2.6 விழுக்காடாக இருந்த நாஜி வாக்கு 1932 ஜூலையில் 37 விழுக்காடாக உயர்ந்தது எங்கிருந்து? பெரும்பகுதி புராட்டஸ்டன்ட் நடுத்தர வர்க்கத்திடமிருந்தும் உழவர்களிடமிருந்தும் வந்தது. அவ்வர்க்கத்தின் இரண்டு தாராளவாதக் கட்சிகள் 1928இல் சேர்ந்து 13 விழுக்காட்டுக்கு மேல் பெற்றிருந்தன, நான்கே ஆண்டுகளில் 2 விழுக்காட்டளவுக்குச் சுருங்கின. அவர்களுக்குச் சங்கம் இருந்தது, நம்பத்தக்க கட்சி இல்லை. ஒரே வகுப்பினர், ஒரே மதத்தினர், ஒரே மனக்குறை உடையவர்கள் தமக்குள் மட்டும் கூடிப் பேசும் சங்கமும், வேறுபட்டவர்களை ஒரே மேசையில் அமர்த்தும் சங்கமும் ஒன்றாகிவிடா. நோர்ட்ஹைமில் பாட்டுப் பாடுவதற்குக்கூடத் தொழிலாளர்களும் மேல்தட்டினரும் தனித்தனிக் குழுக்களில்தான் சேர்ந்தார்கள் என்பதை ஆலனே பதிவு செய்கிறார்.

வேறுபட்டவர்கள் கூடினால் என்ன நடக்கும் என்பதற்கு, இந்திய நகரங்களின் இந்து-முஸ்லிம் கலவரங்களைப் பற்றிய அசுதோஷ் வர்ஷ்ணேயின் 2002ஆம் ஆண்டு ஆய்வைச் சொல்வேன். கோழிக்கோடு, அலிகர் இரண்டிலும் முஸ்லிம்களின் விகிதம் ஏறத்தாழ ஒன்றே. 1990 டிசம்பரில் அலிகரில், பல்கலைக்கழக மருத்துவமனையில் இந்து நோயாளிகள் கொல்லப்பட்டதாக உள்ளூர் நாளேடுகள் ஒரு பொய்ச் செய்தியை வெளியிட்டன, வன்முறை பெருகியது. கோழிக்கோட்டிலும் அயோத்திப் பிரச்சினையின்போது வதந்திகள் கிளம்பின. ஆனால் வணிகர் சங்கம், தொழிற்சங்கம், கட்சி, வாசிப்பு மன்றம் என்று எங்கும் இரு மதத்தவரும் ஏற்கெனவே கலந்திருந்ததால் அமைதிக் குழு உடனே கூடியது, வதந்தி அங்கேயே மறுக்கப்பட்டது. ஒன்றாக அமர்ந்து உண்பது வழக்கம் என்று கோழிக்கோட்டில் 83 விழுக்காட்டினரும் அலிகரில் 54 விழுக்காட்டினரும் சொன்னதாக அந்த ஆய்வு தெரிவிக்கிறது.

மருதன் எழுதியது:

இருவருக்கும் முறையியல் குறித்து ஒரு சொல். அலிகரில் கலப்புச் சங்கங்கள் இல்லாததால் கலவரம் நடந்ததா, அல்லது பல்லாண்டுக் கலவரங்களால் அத்தகைய சங்கங்கள் அழிந்தனவா? ஒரு கலவரத்துக்குப் பின் வணிகர்கள் தனித்தனிச் சங்கம் அமைத்துக்கொள்வது இயல்பே. அவ்வாறிருக்க, விளைவையே காரணமாகக் காட்டிவிடும் அபாயம் இருக்கிறது. வர்ஷ்ணே நெடுங்கால வரலாற்றைச் சொல்லி இதற்கு ஓரளவு விடையளிக்கிறார் என்றாலும் எனக்கு அது முழு நிறைவு தரவில்லை.

பொன்னிவளவன் எழுதியது:

கயல்விழி அவர்கள் இடதுசாரி வாக்கு நிலைத்து நின்றது என்கிறார். அந்த 37 விழுக்காட்டுக்குள் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். சமூக ஜனநாயகக் கட்சி ஏறத்தாழ 30 விழுக்காட்டிலிருந்து 20க்கு இறங்கியது. கம்யூனிஸ்ட் கட்சி 10.6 விழுக்காட்டிலிருந்து 16.9க்கு ஏறியது. குடியரசையே ஏற்காத ஒரு கட்சிக்கு வாக்கு மாறியதை மக்களாட்சிக்கான அரண் என்று எப்படிச் சொல்வது? சங்கம் தன் உறுப்பினரைத் தன் முகாமுக்குள் கட்டிக்காத்தது என்பது மட்டுமே இதிலிருந்து பெறப்படும்.

கோழிக்கோட்டுக்கும் வருகிறேன். வர்ஷ்ணேயின் நூல் வெளிவந்த அதே 2002இல், கோழிக்கோட்டை ஒட்டிய மாராடு கடற்கரையில் ஐவர் கொல்லப்பட்டனர். 2003 மே 2 அன்று அதே கடற்கரையில் இந்து மீனவர்கள் எட்டுப் பேர் வெட்டிக் கொல்லப்பட்டனர். நகரின் கலப்புச் சங்கங்கள் அங்கே எட்டவில்லை. ஸ்டீவன் வில்கின்சன் 2004இல் காட்டியபடி, மாநில அரசு காவல்துறையை உறுதியோடு இறக்கினால் கலவரம் அடங்குகிறது, தேர்தல் கணக்குக்காகத் தயங்கினால் பரவுகிறது. ஜெர்மனி பற்றிய 2017ஆம் ஆண்டு ஆய்விலும் இதே செய்தி இருக்கிறது. நிலையான மாநில அரசு இருந்த இடங்களில், குறிப்பாக ஓட்டோ பிரவுன் நெடுங்காலம் ஆண்ட, ஜெர்மனியின் மிகப் பெரிய மாநிலமான பிரஷ்யாவில், சங்கங்களுக்கும் நாஜிக் கட்சியின் வளர்ச்சிக்கும் இடையிலான தொடர்பு வலுக்குறைந்து காணப்படுகிறது. அரசமைப்புதான் முடிவு செய்கிறது. சங்கம், அரசு எத்திசையில் நிற்கிறதோ அத்திசையில் போகும்.

கயல்விழி எழுதியது:

மாராடு கடற்கரைக் குடியிருப்பில் இந்து மீனவர்களான அரயர்களின் சமுதாய அமைப்பு ஒருபுறம், முஸ்லிம்களின் பள்ளிவாசல் சார்ந்த மகல்லு அமைப்பு மறுபுறம் எனப் பிரிந்தே இருந்தது. கலப்புச் சங்கம் இல்லாத இடத்தில் கொலைகள் நடந்தன என்பது என் வாதத்துக்கு எதிர்ச்சான்று ஆகாது. மருதன் அவர்களின் ஐயம் நியாயமானது. காரணமும் விளைவும் ஒன்றையொன்று வளர்க்கும் இடத்தில் எண்களால் மட்டும் முடிவுக்கு வர முடியாது என்றே நானும் கருதுகிறேன்.

அரசு நிற்கும் திசையில் சங்கமும் போகும் என்று எழுதியிருக்கிறீர்கள். 1920 மார்ச் 13 அன்று, குடியரசைக் கவிழ்க்க முயன்ற வலதுசாரிகளான காப், தளபதி லுட்விட்ஸ் ஆகியோரின் படை பெர்லினைக் கைப்பற்றியபோது, சட்டப்படி அமைந்த அரசு தலைநகரை விட்டுத் தப்பியோடியது. இராணுவத் தலைமை, தன் படையினரைத் தன் படையினரே சுட மாட்டார்கள் என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டது. அன்று குடியரசை மீட்டவை கார்ல் லெகியன் தலைமையிலான தொழிற்சங்கங்கள். பொது வேலைநிறுத்தத்தில் தொடர்வண்டி ஓடவில்லை, மின்சாரம் இல்லை, நாளேடு அச்சாகவில்லை. அமைச்சக அலுவலர்களும் காப்பின் ஆணைகளை ஏற்க மறுத்தார்கள். நான்கு நாட்களில் காப் ஓடிப்போனார். அரசு இல்லாத நான்கு நாட்களில் அரசைக் காத்தது எது என்று உங்களைக் கேட்கிறேன்.

பொன்னிவளவன் எழுதியது:

அதே தொழிற்சங்கங்கள் 1932 ஜூலை 20 அன்று என்ன செய்தன? ஆட்சித்தலைவர் பாப்பன், குடியரசுத் தலைவரின் அவசர ஆணையைக் காட்டிப் பிரஷ்ய அரசைப் பதவிநீக்கம் செய்தார். உறுப்பினர்கள் ஆணைக்காகக் காத்திருந்தார்கள். தலைமை அறிக்கை வெளியிட்டு, தேர்தலில் பதிலடி தருவோம் என்றது, பிரஷ்ய அரசு நீதிமன்றம் போனது. 60 இலட்சம் பேர் வேலையற்றிருந்த ஆண்டில் வேலைநிறுத்தம் பலிக்காது என்று அவர்கள் அஞ்சியதை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் 1920இல் வேலைநிறுத்த அழைப்பில் குடியரசுத் தலைவர் ஏபர்ட்டின் பெயரும் இருந்தது, சட்டம் யார் பக்கம் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. 1932இல் சட்டத்தின் கையெழுத்து பாப்பனின் பக்கம் இருந்தது. சங்கத்தின் வலிமை அரசமைப்பிலிருந்து வருகிறது என்று நான் சொல்வது இதைத்தான்.

கயல்விழி எழுதியது:

அந்த அழைப்பில் தன் பெயர் தன் ஒப்புதலின்றிச் சேர்க்கப்பட்டதாக ஏபர்ட் பின்னர் விலகிக்கொண்டார். அதனால் வேலைநிறுத்தம் நிற்கவில்லை, சங்கங்கள் தம் முடிவில் நின்றன. 1932இல் தலைமை தயங்கியதால் வந்த பலனும் நமக்குத் தெரியும்: 1933 மே 1 அன்று நாஜி அரசின் தொழிலாளர் நாள் விழாவில் பங்கேற்குமாறு சங்கத் தலைமை உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டது, மறுநாள் காலையில் சங்க அலுவலகங்களை நாஜிப் படையினர் கைப்பற்றித் தலைவர்களைச் சிறைப்பிடித்தார்கள். சங்கங்களுக்குச் சொந்த வலிமை இல்லையென்றால், ஆட்சிக்கு வந்த மூன்றே மாதங்களில் அவற்றை ஒழிக்க ஹிட்லர் ஏன் இத்தனை அவசரப்பட வேண்டும்? இதற்கு நீங்கள் விடை எழுதினால் தொடர்ந்து பேசலாம்.