நாலு ரேம் போட்டால் எக்ஸ்போ 6000ல் பூட் ஆகவில்லை, மைனஸ் 30ல் ரீஸ்டார்ட் ஆகிறது: வாரண்டி கேட்கலாமா?

ஆறுகோர் (கேள்வி)

ரைசன் 5 7600எக்ஸ், பி650 போர்டு, 240 மிமீ லிக்விட் கூலர், டிடிஆர்5 6000 சிஎல்30 ரேம் 16 ஜிபி ரெண்டு. எக்ஸ்போ (போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸில், ரேமைப் பெட்டியில் போட்ட வேகத்துக்கு ஏற்றும் ஸ்விட்ச்) ஆன் செய்தால் 6000ல் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. வீடியோ எடிட்டிங்குக்கு 32 ஜிபி போதவில்லை என்று அதே பிராண்டு, அதே மாடல் நம்பரில் இன்னொரு ஜோடி வாங்கி நாலு ஸ்லாட்டையும் நிரப்பியாச்சு. இப்போது எக்ஸ்போ போட்டால் திரையே வருவதில்லை, போர்டில் டிராம் லைட் மட்டும் எரிகிறது. எக்ஸ்போவை எடுத்தால் 3600ல் பூட் ஆகிறது.

இன்னொன்று. பிபிஓவில் (சிபியுவின் வேக வரம்பைத் தளர்த்தும் பயாஸ் செட்டிங்) பிளஸ் 200 மெகாஹெர்ட்ஸ், கர்வ் ஆப்டிமைசரில் (கோர்களின் வோல்டேஜைக் குறைக்கும் செட்டிங்) எல்லா கோருக்கும் மைனஸ் 30. யூடியூபில் பாதிப் பேர் இதைத்தான் சொல்கிறார்கள். சினிபெஞ்ச் (சிபியு வேகச் சோதனை) 10 நிமிடம் சுத்தமாக ஓடுகிறது. ஆனால் பிரவுசர் மட்டும் திறந்து வைத்திருக்கும்போது திடீரென்று ரீஸ்டார்ட். ஈவன்ட் வியூவரில் வியா லாக்கர் 18 (ஹார்டுவேர் பிழைப் பதிவு) என்று வருகிறது.

ரேம் பெட்டியில் 6000 என்று பெரிதாக அச்சடித்து விற்கிறார்கள். கடையில் கேட்டால் "அது எங்க பிரச்சனை இல்லை" என்கிறார்கள். இவ்வளவு பணம் போட்டும் எதுவும் சொன்னபடி ஓடவில்லை. ரேமை, இல்லை சிபியுவை வாரண்டியில் மாற்றச் சொல்லலாமா?

கடிகாரமுள்

முதலில் ரேம். பெட்டியில் இருக்கும் 6000 அந்த ரேம் ஜோடிக்கான எண். சிபியுவுக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலருக்கு ஏஎம்டி உறுதி கொடுப்பது வேறு: 7600எக்ஸுக்கு சேனலுக்கு (சிபியுவிலிருந்து ரேமுக்குப் போகும் பாதை, ரெண்டு உண்டு) ஒரு ஸ்டிக் என்றால் 5200, நாலு ஸ்டிக் என்றால் 3600. ஏஎம்டியின் ஸ்பெக் பக்கத்திலேயே இருக்கிறது. நீங்கள் பார்க்கும் 3600 அதுதான், போர்டு பழுதாகி இறங்கிப்போனதல்ல. ரெண்டு ஸ்டிக்கில் 6000 ஓடியதே ஓவர்கிளாக்தான், அதாவது உறுதி கொடுத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது. அது ரொம்பப் பரவலாக ஓடுவதால் "நார்மல்" என்று எல்லோரும் நினைத்துவிடுகிறோம்.

ஏன் நாலில் விழுகிறது? ஒரே சேனலின் வயர்களில் ரெண்டு ஸ்டிக் தொங்கும்போது மின்சுமை கூடும், சிக்னல் எதிரொலித்துத் திரும்பி அடுத்த பிட்டைக் கலைக்கும். 3600ல் அதற்குத் தாங்க நேரம் இருக்கிறது, 6000ல் இல்லை. தவிர, மாடல் நம்பர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் சிப் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஒரு ஜோடியில் ஹைனிக்ஸ் நிறுவனத்தின் ஏ டை என்ற சிப் வகை, இன்னொன்றில் எம் டை இருக்கலாம். தொழிற்சாலையில் சோதிப்பது ஒரு ஜோடியை மட்டும். ரெண்டு ஜோடியைச் சேர்த்து யாரும் உங்களுக்காகச் சோதித்துத் தரவில்லை.

64 ஜிபி வேண்டும் என்றால் 32 ஜிபி ரெண்டு கொண்ட ஒரே கிட் வாங்குங்கள். ஏ2, பி2 ஸ்லாட்டில் (சிபியுவிலிருந்து எண்ணினால் ரெண்டாவது, நாலாவது) போடுங்கள். உங்கள் போர்டு தயாரிப்பாளரின் கியூவிஎல் பட்டியலில் (அவர்கள் சோதித்துப் பார்த்த ரேம்களின் பட்டியல்) அந்தக் கிட்டின் முழு பார்ட் நம்பர் இருக்கிறதா, எத்தனை ஸ்டிக்குக்கு என்று போட்டிருக்கிறது, ரெண்டையும் பார்த்து வாங்குங்கள்.

நாலு ஸ்டிக்கையே வைத்துக்கொள்வதாக இருந்தால் பயாஸைப் புதுப்பித்துவிட்டு 4800ல் தொடங்குங்கள். சோதித்துத் தேறினால் 5200, பிறகு 5600. ஒவ்வொரு படியிலும் முதல் பூட்டில் மெமரி டிரெயினிங் (ரேமோடு பேசச் சரியான நேரக்கணக்கைப் போர்டு தேடுவது) நடக்கும். நாலு ஸ்டிக்குக்கு 10 நிமிடத்தைத் தாண்டலாம். கறுப்புத் திரையைப் பார்த்துப் பயந்து பவரை நிறுத்துகிறவர்கள்தான் அதிகம், நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து. எஸ்ஓசி வோல்டேஜ் (சிபியுவில் மெமரி கன்ட்ரோலர் இருக்கும் பகுதிக்குப் போகும் மின்னழுத்தம்) 1.2லிருந்து 1.25க்குள் வையுங்கள். 1.3க்கு மேல் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். 5600 கிடைக்காவிட்டால் 5200தான் உங்கள் சிப்பின் பதில், அதோடு சண்டை போட்டுப் பயனில்லை.

வெப்பமானி

ரீஸ்டார்ட் விஷயத்துக்கு வருகிறேன். மைனஸ் 30ஐ யார் சொன்னாலும் அது அவருடைய சிப்பின் எண். கர்வ் ஆப்டிமைசரில் ஒரு எண்ணிக்கை என்பது சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட். மைனஸ் 30 என்றால் 90 முதல் 150 மில்லிவோல்ட் வரை கழிக்கிறீர்கள். அதோடு பிளஸ் 200 வேறு, உச்ச வேகத்தையும் கூட்டுகிறீர்கள். குறைந்த வோல்டேஜில் கூடுதல் வேகம் கேட்டால் ஏதோ ஒரு கோர் கைவிடத்தான் செய்யும்.

சினிபெஞ்ச் ஏன் பிடிக்கவில்லை என்றால், எல்லாக் கோரும் முழு லோடில் ஓடும்போது வேகம் கொஞ்சம் இறங்கித்தான் நிற்கும். பிரவுசரில் ஒரு கிளிக் செய்யும்போது ஒரே ஒரு கோர் தூக்கத்திலிருந்து நேராக உச்ச பூஸ்டுக்குத் தாவுகிறது. அந்த உச்சியில்தான் வோல்டேஜ் பற்றாக்குறை வெளியே தெரியும். அதனால் "பெஞ்ச்மார்க் ஓடுது, ஸ்டேபிள்" என்பது பொய்யான ஆறுதல். பயாஸ் "பெஸ்ட் கோர்" என்று காட்டும் கோர்கள் பெரும்பாலும் மைனஸை மிகக் குறைவாகத் தாங்கும். குறைந்த வோல்டேஜில் ஓடக்கூடியவை என்று ஏற்கெனவே கணக்கிடப்பட்டவை அவை, கழிக்க அங்கே மிச்சம் இல்லை.

செய்ய வேண்டியது:

1. சிமாஸ் கிளியர் செய்து (பயாஸ் செட்டிங்கை அழித்து) எல்லாம் டிஃபால்ட். ரெண்டு ஸ்டிக் மட்டும், எக்ஸ்போ ஆஃப். இதில் ஒரு நாள் வழக்கமான வேலை.
2. கர்வ் ஆப்டிமைசர் மட்டும், எல்லாக் கோரும் மைனஸ் 10, பிளஸ் எதுவும் வேண்டாம். கோர்சைக்கிளரில் (ஒவ்வொரு கோராகச் சோதிக்கும் மென்பொருள்) பிரைம்95, எஸ்எஸ்இ முறை, கோருக்கு 30 நிமிடம். ஆறு கோருக்கு மூன்று மணி நேரம்.
3. தேறினால் மைனஸ் 15, 20. எந்தக் கோர் பிழை காட்டுகிறதோ அதை மட்டும் 5 பின்னால் கொண்டுவந்து திரும்ப ஓட்டுங்கள். கடைசியில் ஆறு கோருக்கும் ஆறு வேறு எண்கள் வந்தால் அதுதான் இயல்பு.
4. அது முடிந்த பிறகுதான் எக்ஸ்போ. டெஸ்ட்மெம்5ல் (ரேம் சோதனை மென்பொருள்) அன்டா777 எக்ஸ்ட்ரீம் ப்ரொஃபைல் மூன்று சுற்று. ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான்.

ஒரே நேரத்தில் ரேமையும் சிபியுவையும் மாற்றினால் எது விழுந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. உங்கள் எரிச்சலுக்குப் பாதிக் காரணம் இதுதான்.

இந்தச் சோதனைக்கு முன் எடிட்டிங் ஃபைல்களை வேறு டிரைவுக்குக் காப்பி எடுத்துவிடுங்கள். ரேம் பிழை சத்தமில்லாமல் ஃபைலைக் கெடுக்கும், ப்ளூ ஸ்க்ரீன் வரும்வரை காத்திருக்காது. டிடிஆர்5ல் ஈசிசி (பிழை திருத்தும் வசதி) இருக்கிறதே என்று சிலர் நம்புகிறார்கள். அது சிப்புக்குள்ளேயே திருத்திக்கொள்வது மட்டும், ரேமிலிருந்து சிபியு வரையுள்ள பாதையை அது காப்பதில்லை.

வெயில் காலத்தில் அறையே 34, 35 டிகிரி இருக்கும். ரேம் ஸ்டிக் 55ஐத் தாண்டினால் மார்கழியில் தேறிய செட்டிங் சித்திரையில் விழலாம். லிக்விட் கூலர் போட்ட கேஸில் ரேம் பக்கம் காற்றே அடிக்காது, சோதிக்கும்போது அந்த வெப்பநிலையையும் கவனியுங்கள்.

நேர்மின்

வாரண்டி பற்றி யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. என் கருத்து இது: டிஃபால்டில் சோதியுங்கள். டிஃபால்டில் பிழை வந்தால் பொருள் பழுது, கடைக்காரரிடம் தயங்காமல் கேளுங்கள். டிஃபால்டில் சுத்தமாக ஓடி, நாலு ஸ்டிக் 6000லும் மைனஸ் 30லும் மட்டும் விழுந்தால் கேட்க எதுவுமில்லை. பிபிஓவைத் திறக்கும்போது பயாஸில் ஒரு எச்சரிக்கை வந்து நீங்கள் "அக்செப்ட்" கொடுத்திருப்பீர்கள். எக்ஸ்போவும் ஏஎம்டியின் கணக்கில் ஓவர்கிளாக்தான், அதனால் வரும் சேதம் வாரண்டியில் சேராது என்று அவர்கள் எழுதியே வைத்திருக்கிறார்கள்.

ஆனால் கடிகாரமுள் சொல்வதைப் போல எல்லாவற்றையும் வாங்குகிறவர் தலையில் கட்டவும் எனக்குச் சம்மதமில்லை. பெட்டியில் பெரிய எழுத்தில் 6000, நாலு ஸ்டிக் கணக்கு ஸ்பெக் பக்கத்தின் மூலையில். 2023ல் சில ரைசன் 7000எக்ஸ்3டி சிப்கள் சாக்கெட்டிலேயே கருகின. எக்ஸ்போ ஆன் செய்ததும் சில போர்டுகள் எஸ்ஓசி வோல்டேஜைத் தாமாகவே அதிகம் ஏற்றின. பிறகு ஏஎம்டி பயாஸ் அப்டேட் வழியாக 1.3 வோல்ட் வரம்பு வைத்தது. அங்கே பயனர் செய்தது ஒரு ஸ்விட்சைத் தட்டியது மட்டும். அதற்கும், கையால் 1.45 வோல்ட் டைப் செய்து கருக்கிவிட்டு "வாங்கும்போதே இப்படித்தான் இருந்தது" என்று நீட்டுவதற்கும் நிறைய வித்தியாசம். ரெண்டாவதைச் செய்யாதீர்கள். அந்த நஷ்டம் ஒரு சின்னக் கடைக்காரர் தலையில்தான் பெரும்பாலும் விழும்.

கடிகாரமுள்

எக்ஸ்3டி விஷயத்தில் நேர்மின் சொல்வது சரி. விற்பனைக்குக் காட்டும் ஸ்விட்சுக்கு விற்பவரும் பொறுப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன், எதிர்பார்ப்பு பற்றி. 1998ல் செலரான் 300ஏவின் பஸ் வேகத்தை 66லிருந்து 100க்கு மாற்றினால் 300 மெகாஹெர்ட்ஸ் சிப் 450ல் ஓடியது. 2011ல் 3.3 கிகாஹெர்ட்ஸ் ஐ5 2500கே சாதாரணமாக 4.5ஐத் தொட்டது. அந்த ஆதாயம் இப்போது சிப்போடேயே வருகிறது. 7600எக்ஸ் தானாகவே 5.3க்கு ஏறுகிறது, லோடில் 95 டிகிரி வரை போகும்படிதான் வடிவமைத்திருக்கிறார்கள். நீங்கள் கையால் பிடுங்குவது சில சதவீதம். எடிட்டிங்குக்கு 64 ஜிபி இருப்பது அந்தச் சில சதவீதத்தைவிட நூறு மடங்கு முக்கியம். வெப்பம்தான் தொல்லை என்றால் 65 வாட் ஈகோ மோடை (சிபியு இழுக்கும் மின்சாரத்தைக் குறைக்கும் செட்டிங்) போட்டுப் பாருங்கள், வேகம் கொஞ்சம்தான் குறையும், ஃபேன் சத்தமும் சூடும் நன்றாகவே அடங்கும்.

ஆறுகோர்

நன்றி. டிஃபால்டில் ரெண்டு ஜோடியையும் தனித்தனியாகப் போட்டு டெஸ்ட்மெம்5 ஓட்டியாச்சு, பிழை இல்லை. எக்ஸ்போ 6000லும் ஒவ்வொரு ஜோடியும் தனியாகத் தேறியது. கர்வ் மைனஸ் 10ல் கோர் 2 மட்டும் விழுந்தது, அதை மைனஸ் 5 ஆக்கியதும் சரி. வாரண்டி கேட்கப் போவதில்லை. ரெண்டு ஜோடியையும் விற்றுவிட்டு 32 ஜிபி ரெண்டு வாங்க நினைக்கிறேன். நாலையும் ஒரே செட்டாக விற்கலாமா?

வெப்பமானி

வேண்டாம். உங்களுக்கு வந்த அதே சிக்கல் வாங்குகிறவருக்கும் வரும். ஸ்டிக்கரில் உள்ள சீரியல் நம்பரைப் பார்த்து ஜோடி கலையாமல் பிரித்து, ரெண்டு தனி விளம்பரமாகப் போடுங்கள். "ரெண்டு ஸ்டிக்காக 6000ல் சோதித்தது, நாலாகப் போட்டால் 6000ல் பூட் ஆகவில்லை" என்று விளம்பரத்திலேயே எழுதிவிடுங்கள். டெஸ்ட்மெம்5 முடிவின் ஸ்க்ரீன்ஷாட், பில் காப்பி ரெண்டையும் சேர்த்துக் கொடுத்தால் விலையும் குறையாது.