போனி தொடரின் பாட்டு எபிசோடுக்கு முன் எவற்றைக் காட்டலாம்?

வணக்கம். ‘மை லிட்டில் போனி: ஃப்ரெண்ட்ஷிப் இஸ் மேஜிக்’ என்ற, குட்டிக் குதிரைகளைப் பற்றிய கார்ட்டூன் தொடரை நன்றாகப் பார்த்தவர்கள் உதவ வேண்டும்.

மூன்றாம் சீசனின் கடைசி எபிசோடான ‘மேஜிக்கல் மிஸ்டரி க்யூர்’ (2013) எனக்கு அவ்வளவு பிடிக்கும். சுமார் 22 நிமிடத்தில் கதையின் பெரும்பகுதி பாட்டிலேயே நகர்கிறது. கதாநாயகி ட்வைலைட் ஸ்பார்க்கிள் முடிவுபெறாத ஒரு மந்திரத்தைப் படிக்க, அவளுடைய ஐந்து தோழிகளின் க்யூட்டி மார்க்கும் (ஒவ்வொரு குதிரையின் தனித்திறமையைக் காட்டும் உடல் சின்னம்) இடம் மாறிவிடும். ராரிட்டி வானிலையைக் குழப்புவாள், ஆப்பிள்ஜாக் துணி தைக்க முடியாமல் திண்டாடுவாள். ட்வைலைட் முதலில் ஃப்ளட்டர்ஷையிடம் போய், ரெயின்போ டேஷுக்கு உன் உதவி வேண்டும் என்கிறாள். உதவப் போன இடத்தில் ஃப்ளட்டர்ஷைக்குத் தான் யாரென்று தெரிந்துவிடுகிறது. அப்புறம் டேஷ் ராரிட்டியை, ராரிட்டி ஆப்பிள்ஜாக்கை என்று ஒருத்தி அடுத்தவளை மீட்பதெல்லாம் ஒரே பாட்டுக்குள். டேனியல் இங்ரமின் இசையில் அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும்.

இதை என் எட்டு வயது மகளுக்குக் காட்ட ஆசை. ஆனால் யாருக்கு எது இயல்பு என்று பழகியிருந்தால்தானே, அது மாறிப்போனதன் வலி புரியும்? முதல் சீசனின் ‘த க்யூட்டி மார்க் க்ரானிக்கிள்ஸ்’ கட்டாயம் என்று வைத்திருக்கிறேன். முந்தைய 64 எபிசோடுகளையும் உட்கார்ந்து பார்க்க அவளுக்குப் பொறுமை இருக்காது. ஒவ்வொரு தோழிக்கும் ஒன்று, ட்வைலைட்டின் குருவான இளவரசி செலஸ்டியாவுக்கும் ட்வைலைட்டுக்கும் உள்ள பிணைப்பைக் காட்டுவதாக ஒன்று, மொத்தம் பத்துக்குள் எவை என்று சொல்லுங்களேன். ஏன் அதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று ஒரு வரி சேர்த்தால் இன்னும் நல்லது.