பழைய காரில் புதிய இன்ஜின்: மாசு உமிழ்வு விதி எதன் வயதைப் பார்க்கிறது?

கேள்வி: கிளட்ச்மிதி

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 1980களின் தொடக்கத்தில் வெளிவந்த, கார்புரேட்டர் பொருத்திய நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார் ஒன்று இருக்கிறது. பாடியும் சேஸிஸும் துருப்பிடிக்காமல் உறுதியாக உள்ளன, இன்ஜின்தான் தேய்ந்துவிட்டது. ஏற்கெனவே போர் செய்து, அதாவது சிலிண்டர்களைக் கடைந்து அகலப்படுத்தி, கிடைக்கக்கூடிய கடைசி ஓவர்சைஸ் (கூடுதல் அளவு) பிஸ்டன் வரை போட்டாகிவிட்டது. ஆகவே, 2000-க்குப் பிறகு வந்த, ஃபியூயல் இன்ஜெக்ஷன் உள்ள இன்ஜின் ஒன்றை இதில் இறக்கலாம் என்று எண்ணுகிறேன்.

மவுண்டிங், கியர்பாக்ஸ், ரேடியேட்டர் ஆகியவற்றைப் பொறுத்தவரை எனக்குத் தெளிவு இருக்கிறது. குழப்பமெல்லாம் விதிகளைப் பற்றியதுதான். கார் பழையது என்பதால் அதன் ஆண்டுக்குரிய அளவுகோலே பொருந்துமா, அல்லது இன்ஜின் பிறந்த ஆண்டின் அளவுகோலைக் கேட்பார்களா? எப்படிப் பார்த்தாலும் புதிய இன்ஜின் பழையதைவிடக் குறைவாகத்தான் புகை விடும். அப்படியிருக்க, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (புகைக்குழாயில் மாசைக் குறைக்கும் கருவி) முதலானவற்றை விட்டுவிட்டு இன்ஜினை மட்டும் மாற்றினால் என்ன தடை வரும்? நாட்டுக்கு நாடு விதி வேறுபடும் என்பதை அறிவேன்; விதிகளுக்குப் பின்னால் இருக்கும் கொள்கையை விளக்கினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: சுழல்தண்டு

நீங்கள் கேட்ட கொள்கை அமெரிக்க விதிகளில் மிகத் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கழற்றுவதையும் செயலிழக்கச் செய்வதையும் அங்குள்ள தூய காற்றுச் சட்டம் தடை செய்கிறது. அதன் அடிப்படையில் 1974-ஆம் ஆண்டு வெளியாகி, 2020-இல் புதிய கொள்கைக்கு இடம் விட்ட 'மெமோரண்டம் 1ஏ' என்ற குறிப்பையொட்டி, இன்ஜின் மாற்றம் பற்றி அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வகுத்த நிலைப்பாடு இதுதான்: மாற்றிய பின் உங்கள் வண்டி, அதே ஆண்டிலோ பின்னர் வந்த ஆண்டிலோ மாசு அளவுக்கான சான்று பெற்ற ஏதேனும் ஒரு வண்டியின் அமைப்போடு ஒத்திருக்க வேண்டும். கவனியுங்கள், ஒத்திருக்க வேண்டியது இன்ஜின் மட்டுமன்று, முழு அமைப்பு. உங்கள் கடைசிக் கேள்விக்கு விடை இதிலேயே இருக்கிறது. அந்த இன்ஜின் சான்று பெற்றபோது அதனுடன் கன்வெர்ட்டர், சென்சார்கள், பெட்ரோல் ஆவிக் கட்டுப்பாடு, ஈசியூ எனப்படும் இன்ஜின் கணினி யாவும் சேர்ந்தே இருந்தன. அவற்றைப் பிரித்துவிட்டால் எந்தச் சான்றுக்கும் உட்படாத ஒரு கலவைதான் மிஞ்சும்.

கலிஃபோர்னியா மாநிலம் இதையே இன்னும் கறாராகச் செயல்படுத்துகிறது. இன்ஜின், வண்டியின் ஆண்டையோ அதற்குப் பிந்திய ஆண்டையோ சேர்ந்ததாக இருக்க வேண்டும். கனரக லாரிக்காகச் சான்று பெற்ற இன்ஜினை, கொள்ளளவு ஒன்றாகவே இருந்தாலும், இலகுரகக் காரில் பொருத்த முடியாது. தொழிற்சாலை இயந்திரங்களுக்கான இன்ஜின்களுக்கும் இடமில்லை. கணினிக் கட்டுப்பாடு உள்ள இன்ஜினை அது இல்லாத வண்டியில் வைத்தால், செக் இன்ஜின் விளக்கு, பரிசோதனை இணைப்பான், தேவையான வயரிங் ஆகிய அனைத்தும் வேலை செய்யும் நிலையில் வந்து சேர வேண்டும். ரெஃப்ரீ எனப்படும் சிறப்புப் பரிசோதகர் இதையெல்லாம் பார்த்து ஒப்புதல் ஸ்டிக்கர் ஒட்டிய பிறகுதான் வழக்கமான பரிசோதனை நிலையங்கள் அந்த வண்டியை அதன் புதிய இன்ஜினின்படி சோதிக்கும். 1975 வரையிலான பெட்ரோல் வண்டிகளுக்கு அங்கே புகைப் பரிசோதனையே இல்லை. உங்கள் காரைப் போன்ற ஒன்றுக்கு அந்த விலக்கு கிடைக்காது.

பிரிட்டனின் ஆண்டுச் சோதனை வேறு பாதையில் செல்கிறது. 2002 செப்டம்பர் 1-க்கு முன் பயன்பாட்டுக்கு வந்த வண்டியில் வேறு இன்ஜின் இருந்தால், வண்டி, இன்ஜின் இரண்டில் எது பழையதோ அதன் வயதுக்குரிய அளவுகோல்தான் பொருந்தும். 1975 ஆகஸ்டு முதல் 1986 ஜூலை வரை பயன்பாட்டுக்கு வந்த பெட்ரோல் காருக்குக் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம் வரை அனுமதி உண்டு. நன்றாக இயங்கும் இன்ஜெக்ஷன் இன்ஜினுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. ஆனால் நாற்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கு அங்குள்ள சோதனை விலக்கு, கடந்த முப்பது ஆண்டுகளில் வண்டியைக் கணிசமாக மாற்றியிருந்தால் கிடைக்காது. சிலிண்டர் எண்ணிக்கை வேறான இன்ஜினை வைத்தால் அந்தக் கேள்வி எழ வாய்ப்பு அதிகம்.

மறுமொழி: நெம்புகோல்

விதிகளைச் சுழல்தண்டு அவர்கள் விளக்கிவிட்டார். அவை பட்டறையில் என்னவாக மாறுகின்றன என்பதை நான் சொல்கிறேன். ஏனென்றால் பலர் இன்ஜினை இறக்கிவிட்டு, வண்டியின் பின்பாதியில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதலில் கன்வெர்ட்டர். மூவழிக் கன்வெர்ட்டர் கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடு ஆகிய மூன்று மாசுகளையும் ஒருசேரக் குறைக்க வேண்டுமானால், பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று எடையில் ஏறத்தாழ 14.7 பங்கு என்ற விகிதம் இம்மி பிசகாமல் இருக்க வேண்டும். ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு ஈசியூ நொடிக்கு நொடி திருத்துவதால்தான் அது கைகூடுகிறது. தவிர, ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை எட்டிய பின்னரே கன்வெர்ட்டர் ஒழுங்காக வேலை செய்யத் தொடங்கும். பழைய காரில் ஸ்டியரிங் ராடு குறுக்கே வருகிறது என்பதற்காக அதை இருக்கைக்கு அடியில் தள்ளி வைத்தால், குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்த முதல் சில நிமிடங்கள், அதாவது மாசு மிகுதியாக வெளியேறும் நேரம் முழுவதும், அது வெறும் குழாயாகத்தான் இருக்கும்.

அடுத்தது பெட்ரோல் டேங்க். உண்மையான தலைவலி இங்கேதான். பழைய கார்கள் பலவற்றில் டேங்கின் ஆவி, மூடியில் உள்ள துளை வழியாக வெளியே போய்விடும். நீங்கள் வாங்க நினைக்கும் இன்ஜினோ, அந்த ஆவியைக் கரித்தூள் நிரப்பிய கேனிஸ்டரில் பிடித்து வைத்து, பர்ஜ் வால்வு வழியாக உறிஞ்சி எரித்துவிடும் ஏற்பாட்டோடு வந்தது. ஓபிடி-2 என்ற, வண்டி தன் மாசுக் கட்டுப்பாட்டைத் தானே சோதிக்கும் அமெரிக்க முறையிலான வண்டி என்றால், ஈசியூ அந்த அமைப்பை மூடி, அழுத்தத்தை அளந்து, அரை மில்லிமீட்டர் துளையளவு கசிவைக்கூடக் கண்டுபிடிக்கும். அதற்கு டேங்கில் அழுத்த சென்சார் வேண்டும். ஆவி வெளியே போகாத மூடி வேண்டும். டேங்க் நிரம்பி வழியாமலும் காலியாகாமலும் நடுவாந்தரமாக இருக்கிறது என்று ஈசியூவுக்குத் தெரிய வேண்டும். டேங்கில் பெட்ரோல் மட்டத்தை அளக்கும் உங்கள் பழைய மிதவை காட்டும் மின்தடை அளவு ஒன்று, புதிய ஈசியூ எதிர்பார்க்கும் அளவு வேறொன்று. ஆகவே இன்ஜின் பழுதின்றி ஓடினாலும் இந்தத் தற்சோதனை முடிவடையாமலே கிடக்கும். அப்படி முடியாத சோதனைகளின் பட்டியலைப் பரிசோதகரின் கருவி உடனே காட்டிவிடும். மென்பொருளில் அந்தச் சோதனையை அணைத்துத் தருவதாகச் சிலர் சொல்வார்கள். அது பழுதுநீக்கம் அல்ல, சட்டம் தடுக்கும் அதே செயலிழப்பு வேலை. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள்.

கேள்வி கேட்டவர்: கிளட்ச்மிதி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. டேங்கைப் பற்றி நான் சிந்திக்கவே இல்லை. கார் நிறுவனத்தின் ஈசியூவை விட்டுவிட்டு, விருப்பப்படி அமைத்துக்கொள்ளும் தனி ஈசியூவைப் பொருத்தினால் இந்தச் சிக்கல்கள் குறையுமா?

மறுமொழி: சுழல்தண்டு

இன்ஜினை ஓட்டுவது எளிதாகும். ஒப்புதல் பெறுவது கடினமாகும். புகைக்குழாயில் கருவியை வைத்து அளப்பதோடு நிறுத்திக்கொள்ளும் ஊரில் அது தேறிவிடலாம். கலிஃபோர்னியாவில், அம்மாநிலக் காற்று வளங்கள் வாரியத்தின் விலக்கு ஆணை (நிறுவனத்தினுடையது அல்லாத பாகத்தைப் பொருத்த அனுமதிப்பது) பெறாத ஈசியூவோடு சென்றால் ரெஃப்ரீ திருப்பி அனுப்பிவிடுவார்.

மறுமொழி: நீலப்புகை

நான் சற்று மாறுபடுகிறேன். கடைசி ஓவர்சைஸ் தாண்டிவிட்டது என்பதற்காக ஒரு பிளாக்கை, அதாவது சிலிண்டர்கள் அமைந்த இன்ஜின் உடலை, ஒதுக்கிவிட வேண்டியதில்லை. சிலிண்டருக்குள் ஸ்லீவ் என்ற உள்ளுறைக் குழாயை இறக்கி, பழையபடி ஸ்டாண்டர்டு பிஸ்டனே போடலாம். பிளாக்கில் விரிசல் இல்லாமல், சுவர்த் தடிப்பு போதுமானதாக இருந்தால் போதும். இன்ஜின் எண் மாறாது, சான்றும் மாறாது, எந்த அலுவலகத்திலும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. தேய்ந்த ரிங் வழியாக எண்ணெய் எரிவது நின்று, கார்புரேட்டரையும் இக்னிஷன் டைமிங்கையும் சரியாக வைத்தாலே அந்தக் காலத்து அளவுகோலை அது தாராளமாக எட்டும். புதிய இன்ஜின் காற்றுக்கு நல்லது என்பதை மறுக்கவில்லை, ஆனால் அரைகுறையாகப் பொருத்திய புதிய இன்ஜினைவிட முழுமையாகச் செப்பனிட்ட பழைய இன்ஜின் எவ்வளவோ மேல்.

மறுமொழி: நெம்புகோல்

நீலப்புகை சொல்வது நியாயம். பிளாக்கை முதலில் அளந்து பாருங்கள். இருந்தாலும் மாற்றத்தான் போகிறீர்கள் என்றால், இன்ஜினைத் தனியாக வாங்காதீர்கள். விபத்தில் முன்புறமோ பக்கமோ அடிபட்டு, இயங்கும் நிலையில் உள்ள முழுக் காரை வாங்குங்கள். வயரிங், ஈசியூ, அதோடு ஜோடி சேர்ந்த சாவி, கேனிஸ்டர், டேங்க், மிதவை, கன்வெர்ட்டர் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தியவையாகக் கிடைக்கும். வாங்குவதற்கு முன்பே உங்கள் பகுதியில் ஒப்புதல் தரும் அதிகாரியிடம் அந்தக் காரின் தயாரிப்பு ஆண்டையும் இன்ஜின் குறியீட்டையும் காட்டி, எழுத்து வடிவில் பதில் பெற்றுக்கொள்ளுங்கள். பிரிக்கும்போது பானெட்டின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு விவரத் தாளைப் பார்த்து, கிழியாமல் எடுக்க முடிந்தால் எடுங்கள், இல்லையேல் தெளிவாகப் படம் பிடித்து வையுங்கள். எந்த வேக்குவம் குழாய் எங்கே போகிறது என்பது பெரும்பாலும் அதில் வரைந்திருக்கும். பொருத்தும்போது உங்களுக்கும் பின்னர் பரிசோதகருக்கும் அதுதான் வழிகாட்டி.