அப்பாவுக்கு ஒரு காது அடைச்சிருக்கு, குறும்பிதானா?

வைகைக்கரை:
வணக்கம். அப்பாவுக்கு 67 வயசு, சுகர் இருக்கு. ஞாயித்துக்கிழமை தலைக்கு குளிச்சதுல இருந்து இடது காதுல பஞ்சு வச்சு அடைச்ச மாதிரி இருக்குன்றார், அவர் பேசுறது அவருக்கே உள்ள கும்முனு கேக்குதாம், ராத்திரி படுத்தா ஙொய்ன்னு இரைச்சல் வேற. வலி இல்ல, சீழும் வரல. கொஞ்ச நாளாவே டிவி சவுண்டை கூட்டி வச்சுதான் பாக்குறார். குளிச்சதும் பட்ஸ் போடுற பழக்கம் உண்டு. பக்கத்து வீட்டு அத்தை நல்லெண்ணெய்யை சூடு பண்ணி ஊத்த சொல்றாங்க, ஊத்தலாமா?

மல்லிப்பந்தல்:
ஊத்தவே ஊத்தாதீங்கம்மா, சூடு பட்டு தோல் வெந்துடும், ஜவ்வுல ஓட்டை இருந்தா இன்னும் மோசம். நான் இ.என்.டி கிளினிக்ல நர்ஸா இருக்கேன், நீங்க சொல்றது குறும்பி மாதிரிதான் தெரியுது. தண்ணி பட்டா அது ஊறி உப்பிடும், அதுவரை ஓரத்துல இருந்த சின்ன சந்து வழியா கேட்டுட்டு இருந்த காது ஒரே குளியல்ல அடைச்சுக்கும். சிலருக்கு அரிப்பு, தலைசுத்தல், வறட்டு இருமல்கூட வரும், காதுக்குழாய்க்கும் தொண்டைக்கும் ஒரே நரம்போட கிளைங்க போகுது, அதான். பட்ஸை நிறுத்த சொல்லுங்க முதல்ல. குறும்பி வெளிப்பக்கத்துலதான் சுரக்குது, மெல்லும்போது தாடை அசையுறதுல தானா வெளிய வந்துடும், பட்ஸ்தான் அதை உள்ள தள்ளி கெட்டியாக்குது.

தெற்குவீதி:
ஒண்ணு மட்டும் கவனிங்க சிஸ்டர். திடீர்னு ஒரு காது கேக்காம போறது எல்லாமே குறும்பி கிடையாது, நரம்பு பாதிச்சாலும் இதே அடைப்பு இதே இரைச்சல்தான், வலியும் இருக்காது. அதுக்கு ஸ்டீராய்டு மாத்திரையை முதல் சில நாள்லயே ஆரம்பிச்சாதான் நல்ல பலன், ரெண்டு வாரம் தாண்டிட்டா கஷ்டம். எங்க பெரியப்பாவுக்கு குறும்பின்னே நெனச்சு சொட்டு மருந்து விட்டுட்டு இருந்தாங்க, அந்த காது திரும்பவே இல்ல. அப்பாவை வாயை மூடி ம்ம்ம்னு முனக சொல்லுங்க. அடைச்ச காதுல சத்தமா கேட்டா பெரும்பாலும் அடைப்புதான். நல்ல காதுல சத்தமா கேட்டா இன்னைக்கே கிளம்புங்க. இது வீட்ல பாக்குற ஒரு குறிப்பு மட்டும்தான், டாக்டர் உள்ள லைட் அடிச்சு பாத்தாதான் உறுதி.

வைகைக்கரை:
இப்பதான் சொல்ல சொன்னேன், அடைச்ச காதுலதான் அதிகமா கேக்குதாம். ரொம்ப நன்றி. நாளைக்கு காலைல கூட்டிட்டு போறேன்.

மல்லிப்பந்தல்:
நல்லதும்மா. சுகர் இருக்கறதை உள்ள போனதுமே சொல்லிடுங்க, தண்ணி பீச்சி எடுக்கும்போது சின்ன சிராய்ப்பு பட்டாலும் சுகர்காரங்களுக்கு இன்ஃபெக்‌ஷன் எலும்பு வரைக்கும் போகலாம், அதனால சக்‌ஷன் வச்சு உறிஞ்சி எடுக்க பாப்பாங்க. முன்னாடி எப்பவாவது காதுல சீழ் வந்திருந்தா அதையும் சொல்லணும். எடுத்த பிறகும் டிவி சவுண்டு குறையலைன்னா அங்கேயே ஆடியோகிராம், அதாவது காது எவ்வளவு கேக்குதுன்னு பாக்குற டெஸ்ட், கேளுங்க, வயசுனால வர்ற குறைபாடு ரெண்டு காதுலயும் தனியா இருக்கலாம்.