வீட்டில் இருந்து சங்கு வரை: வன்னியில் கட்சிகளின் நிலைப்பாடு மாறுவதைக் கவனிக்கும் விதம்

வவுனியா

ஒரு கட்சியின் நிலைப்பாடு மாறுகிறதா என்று பார்க்க, தேர்தல் நேரம் கட்சிக்காரர் வாசலில் தந்துவிட்டுப் போகிற துண்டுப்பிரசுரத்தை எறிந்துவிடாதீர்கள். பின்பக்கத்தில் திகதியையும் ஊரையும் எழுதி ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். அடுத்த தேர்தலில் புதியதையும் பழையதையும் பக்கத்தில் விரித்து வினைச்சொல்லை மட்டும் பாருங்கள். கோரிக்கை அப்படியே இருக்கும், வினைதான் இறங்கும். "விடுவிப்போம்" என்றது "விடுவிக்க வலியுறுத்துவோம்" ஆகியிருக்கும். "நீக்குவோம்" என்றது "மீளாய்வு செய்வோம்" ஆகியிருக்கும்.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தை எடுங்கள். அது 1979இல் வந்தது. 2015இல் வந்த அரசு அதை நீக்குவதாகச் சொன்னது. 2018இல் வந்ததோ அதற்குப் பதிலாக இன்னொரு சட்டமூலம். 2023இலும் அதே கதைதான். இரண்டும் நிறைவேறவில்லை. ஆகவே "நீக்குவோம்" என்று எவர் வந்தாலும், பதிலுக்கு வேறு சட்டம் வருமா, வராதா என்று அந்த இடத்திலேயே கேளுங்கள்.

முல்லைத்தீவு

வினைச்சொல் மட்டும் போதாது, மொழியையும் பாருங்கள். 2017 செப்டெம்பரில் வந்த அரசியலமைப்பு வழிப்படுத்தல் குழுவின் இடைக்கால அறிக்கையில் நாட்டைக் குறிக்கத் தமிழில் "ஒருமித்த நாடு" என்று இருந்தது. சிங்களத்தில் "ஏக்கிய ராஜ்ய". 1978 அரசியலமைப்பின் இரண்டாம் உறுப்புரையில் தமிழ்ப் பிரதி "ஒற்றையாட்சி" என்று சொல்கிற இடத்தில் சிங்களப் பிரதியில் இருப்பதும் அதே "ஏக்கிய"தான். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு இது ஒற்றையாட்சி அல்ல என்றது. தமிழ்த் தேசிய மக்கள் முன்னணி ஒற்றையாட்சியேதான் என்றது. ஒரே பக்கத்தை வைத்துக்கொண்டுதான் வன்னிக் கூட்டங்களில் இரண்டு விதமாகவும் பேசினார்கள். சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு அந்த ஒரு வரியை ஒப்பிட்டால், மேடைப் பேச்சு இல்லாமலே விடயம் விளங்கிவிடும்.

காணி விடயத்தில் ஏமாறுகிற இடம் வேறு. "காணி விடுவிப்பு" என்று சொல்லும்போது பெரும்பாலும் இராணுவம் வைத்திருப்பதை மட்டுமே சொல்கிறார்கள். முல்லைத்தீவில் வன இலாகா இருக்கிறது, வனஜீவராசிகள் திணைக்களம் இருக்கிறது, குருந்தூர்மலைப் பக்கம் தொல்லியல் திணைக்களம் இருக்கிறது, கொக்கிளாய், கொக்குத்தொடுவாய்ப் பக்கம் மகாவலி அபிவிருத்தித் திட்டத்தின் எல் வலயம் இருக்கிறது. எந்தத் திணைக்களம், எந்தக் கிராம அலுவலர் பிரிவு, எத்தனை ஏக்கர், எந்த வர்த்தமானியை மீளப்பெறப் போகிறீர்கள் என்று நான்கு கேள்வி கேளுங்கள். நான்குக்கும் பதில் தருகிறவரிடம் உண்மையிலேயே ஒரு நிலைப்பாடு இருக்கிறது. உரிமை கோராத காணி அரசுக்கு என்று வந்த 2025 மார்ச் 28 காணி நிர்ணய வர்த்தமானி, உரிமை கோர மூன்று மாதம்தான் தந்தது. இடம்பெயர்ந்து காணி உறுதிப் பத்திரத்தைத் தொலைத்த சனத்துக்கு மூன்று மாதம் எந்த மூலைக்கு? எதிர்ப்பு வலுத்த பிறகுதான் அதை மீளப்பெற்றார்கள். எந்தக் கட்சி எந்தத் திகதியில் வாய் திறந்தது என்று குறித்து வைத்திருப்பவர்களுக்கு அது நல்ல ஆதாரம்.

மன்னார்

சின்னத்தையும் கட்சியையும் ஒன்றென்று எண்ணிவிடாதீர்கள். கூட்டமைப்பு 2001இல் உதயசூரியன் சின்னத்தில் கேட்டது, 2004இல் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்துக்கு வந்தது. 2023இல் தமிழரசு தனித்துப் போனது. கூட்டமைப்பில் இருந்த ரெலோ, புளொட் உள்ளிட்ட கட்சிகள் ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணியாகக் குத்துவிளக்குச் சின்னத்தில் நின்றன. 2024 ஜனாதிபதித் தேர்தலில் தமிழ்ப் பொது வேட்பாளரின் சின்னம் சங்கு. தமிழரசு அப்போது சஜித் பிரேமதாசவை ஆதரித்தது. அதே ஆண்டு பாராளுமன்றத் தேர்தலில் அந்தச் சங்கை ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி எடுத்துக்கொண்டது. வன்னிப் பாராளுமன்ற உறுப்பினர் காதர் மஸ்தான் 2015இல் ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு, 2020இல் பொதுஜன பெரமுன, 2024இல் தொழிற்கட்சி. மூன்று முறையும் வன்னியில் வென்றார். இங்கே பலர் ஆளுக்குத்தான் போடுகிறார்கள் என்பதை இதிலேயே பார்க்கலாம். வாக்குச்சீட்டு அப்படியில்லை: முதலில் சின்னத்துக்குப் புள்ளடி, பிறகுதான் மூன்று பேர் வரை விருப்பு இலக்கம். சின்னத்துக்குப் போடாமல் இலக்கத்தை மட்டும் போட்டால் வாக்கு வீண்.

வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கு ஆறு ஆசனம். ஒன்று முதலிடம் வருகிற கட்சிக்கு மேலதிகமாகப் போகும், மிச்சம் ஐந்துதான் வாக்கு விகிதப்படி பங்கிடப்படும். 2024இல் தேசிய மக்கள் சக்தி இரண்டு எடுத்தது, ஒன்று அந்த மேலதிக ஆசனம். வீடும் சங்கும் ஒவ்வொன்று. அந்த இரண்டின் வாக்கையும் கூட்டினால் முதலிடத்தைத் தாண்டும். "கொள்கைக்காகத் தனித்தோம்" என்று சொல்கிறவர்களிடம் இந்தக் கணக்கை வைத்துத்தான் பேச வேண்டும்.

கிளிநொச்சி

எங்கள் மாவட்டம் வன்னிதான், ஆனால் வாக்கு யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில். அதனால் ஒரே கட்சி முல்லைத்தீவின் மாங்குளத்தில் சொல்வதும் எங்கள் பரந்தனில் சொல்வதும் ஒன்றாக இராது, வேட்பாளர் பட்டியலே வேறு. இரண்டு பக்கத்துப் பிரசுரத்தையும் வாங்கி ஒப்பிடுங்கள்.

பாராளுமன்றப் பேச்சுகளின் பதிவேடான ஹன்சாட் பார்ப்பவர்களுக்கு ஒரு விடயம். பேச்சு, பேசிய மொழியிலேயே அச்சாகும். பெயர் கூப்பிட்டு வாக்கெடுத்தால்தான் யார் எப்படிப் போட்டார் என்று தெரியும். குரல் வாக்கில் நிறைவேறியதில் எவர் பெயரும் இராது. கூட்டத்தில் எதிர்த்துப் பேசியவர் வாக்கெடுப்பன்று சபையில் இல்லாமல் போவதும் உண்டு. எனவே ஆதரவு, எதிர்ப்பு என்ற இரண்டு பட்டியலோடு நிற்காமல், வராதோர் யார் என்றும் தேடுங்கள்.