அப்பாவின் பிரஷர் 130-க்குக் கீழே வரவேண்டுமா, 140 போதுமா?

மோல்மின் பையன்:
அப்பாவுக்கு 71 வயது, சுகரும் உண்டு. அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை மட்டும் போட்டுக்கொண்டிருந்தார், பிரஷர் 150, 155 என்றே நின்றது. போன மாதம் இங்கே டாக்டர் லோசார்ட்டனும் சேர்த்து 130-க்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்றார். ரங்கூனில் மாமா பார்க்கும் டாக்டரோ இந்த வயதுக்கு 140 போதும் என்கிறாராம். இப்போது 130 பக்கம் வந்துவிட்டது, ஆனால் விடியற்காலை எழுந்தால் தலை சுற்றி சுவரைப் பிடித்துக்கொள்கிறார். புது மாத்திரையை நிறுத்திவிடலாமா?

ரங்கூன் நர்ஸ் அக்கா:
தம்பி, நீங்களாக நிறுத்தாதீர்கள். இரண்டு டாக்டர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் பொதுவாக 140/90-க்குக் கீழே என்றது, சுகர், கிட்னிக் கோளாறு, இருதய நோய் இருந்தால் மேல் எண் 130-க்குக் கீழே. அப்பா இதில்தான் வருகிறார். ஆனால் அந்த எண்ணை அவர் உடம்பு தாங்குகிறதா என்பது உட்கார்ந்து பார்த்தால் தெரியாது. 5 நிமிடம் படுக்கவைத்து ஒருமுறை பாருங்கள், அப்புறம் கையைப் பிடித்து நிற்கவைத்து 1-வது, 3-வது நிமிடத்தில் பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அதே நாள் டாக்டரிடம் காட்டுங்கள், இந்த வயதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் பிரஷரைவிடப் பெரிய கஷ்டம். சுற்றும் நேரத்தில் சுகரும் பாருங்கள், தாழ்ந்திருக்கலாம். லோசார்ட்டன் ஆரம்பித்தபின் ரத்தத்தில் கிரியேட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), பொட்டாசியம் பார்த்தார்களா?

பெகு வாசி:
120 வரை இறக்கணும் என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். அந்தப் பேச்சு பெரும்பாலும் மேல் எண்ணை 120-க்குக் கீழே இறக்கிப் பார்த்த, 2015-ல் வந்த ஸ்பிரிண்ட் ஆய்வை வைத்து, அதில் சுகர்காரர்களைச் சேர்க்கவே இல்லை. அப்புறம் சாப்பாடு. எங்கள் அம்மாவுக்கு மாத்திரை கூட்டிக்கொண்டே போனார்கள், பிரஷர் இறங்கவில்லை, கடைசியில் பார்த்தால் மூன்று வேளையும் நாப்பி (உப்புப் போட்டுப் புளிக்கவைத்த பர்மிய மீன், இறால் விழுது), மேலே ஊறுகாய். ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம் உப்புக்குள் இருக்கவேண்டும், நாப்பி ஊற்றிய குழம்பில் அது எங்கே நிற்கும்? நாப்பியை வாரம் ஒருநாள் ஆக்கிய பிறகுதான் அம்மாவுக்குக் குறைய ஆரம்பித்தது.

மோல்மின் பையன்:
அக்கா, படுத்து 134, நின்று 3-வது நிமிடத்தில் 108. சுகர் சரியாக இருக்கிறது. ரத்தப் பரிசோதனை செய்யவே இல்லை. சாயங்காலம் டாக்டரிடம் அழைத்துப் போகிறேன், அதுவரை தனியாக எழுந்து நடக்க விடவில்லை.

ரங்கூன் நர்ஸ் அக்கா:
இந்த எண்களைத் தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். எழும்போது கட்டில் ஓரத்தில் சற்று உட்கார்ந்துவிட்டு எழச்சொல்லுங்கள்.